எழும்பும் கட்டடங்களும் எண்ணப்படாத அனுமதிகளும்: பெரம்பூரை முன்வைத்து ஓர் ஆய்வு

சென்ற மாதம் இந்தியா முழுவதும் எத்தனை கட்டடங்களுக்கு அனுமதி கொடுத்தார்கள்? அவற்றில் எத்தனைக்குக் கடைக்கால் தோண்டினார்கள்? எத்தனை முடிந்து ஆட்கள் குடிபோனார்கள்? இவற்றுக்கு மாதந்தோறும் பதில் சொல்லும் அரசு வெளியீடு எதுவும் நம்மிடம் இல்லை. இத்தனைக்கும் நாட்டில் உழைப்பவர்களில் ஏறத்தாழ எட்டில் ஒருவருக்குச் சோறு போடுவது கட்டுமானத் தொழில். நடுத்தரக் குடும்பம் ஒன்று வாழ்நாளில் செய்யும் ஆகப்பெரிய செலவும் வீடுதான்.

கட்டுமானம் வளர்கிறதா என்ற கேள்விக்கு நம்மிடம் நிறைய எண்கள் உண்டு. எங்கே வளர்கிறது, யாருக்காக வளர்கிறது, கட்டுவது பத்திரமாக நிற்குமா என்ற கேள்விகளுக்கு அந்த எண்களில் விடை இல்லை. விடையில் பெரும்பகுதி மாநகராட்சி மண்டல அலுவலகத்தின் அனுமதிக் கோப்புகளில் இருக்கிறது. அந்தக் கோப்புகளை வார்டுவாரியாக எண்ணி மக்கள் முன் வைக்காதவரை தேசிய வளர்ச்சி விகிதம் பாதிக் கதையைத்தான் சொல்லும். ஆலையும் ரயில்வேயும் துறைமுகமும் வளர்த்த வடசென்னையின் நடுவில் இருக்கும் பெரம்பூரில் நின்று பார்த்தால் இது தெளிவாகத் தெரியும்.

தேசிய எண் எங்கிருந்து வருகிறது

மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேசியப் புள்ளியியல் அலுவலகம் கட்டுமானத் துறையின் வளர்ச்சியை அறிவிக்கிறது. அந்த மதிப்பீட்டுக்கு முக்கியச் சான்றாகக் கொள்பவை சிமெண்ட் உற்பத்தியும் உருக்கின் நுகர்வும். நாட்டில் இவ்வளவு சிமெண்ட் உற்பத்தியாகி இவ்வளவு கம்பி செலவானால் இவ்வளவு கட்டியிருப்பார்கள் என்று பொருளிலிருந்து வேலையை ஊகிக்கும் முறை இது. 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான பொதுமுடக்க மாதங்களில் கட்டுமானம் ஏறத்தாழ பாதியாகச் சுருங்கியது என்பதையும், 2023-24, 2024-25 ஆண்டுகளில் அது 9 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது என்பதையும் இந்த முறைதான் நமக்குச் சொன்னது. ஒட்டுமொத்தப் போக்கை அறிய இது உதவும். ஆனால் ஒரு சிமெண்ட் மூட்டை பள்ளிக்கூடத்துக்குப் போனதா, அனுமதியில்லாத ஐந்தாவது மாடிக்குப் போனதா என்று சொல்ல அதற்கு வழியில்லை.

அமெரிக்காவில் இந்த வேலையை வேறு முனையிலிருந்து செய்கிறார்கள். அங்கே உள்ளாட்சிகள் தரும் வீட்டுக் கட்டுமான அனுமதிகளை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம் 1960 முதல் மாதந்தோறும் தொகுத்து வெளியிடுகிறது. 2005இல் ஏறத்தாழ 21.5 லட்சம் வீடுகளுக்கு அனுமதி கொடுத்த நாடு அது. 2009இல் அந்த எண்ணிக்கை 5.8 லட்சமாக விழுந்தது. 2008 நிதி நெருக்கடி வெடிப்பதற்கு முன்பே அனுமதி வரைபடம் சரியத் தொடங்கிவிட்டிருந்தது. கட்டுவதற்கு முன்பு வாங்குவது அனுமதி என்பதால், பொருளாதாரம் எந்தப் பக்கம் போகும் என்பதை முன்கூட்டிக் காட்டும் குறிகளில் ஒன்றாக அதை வைத்திருக்கிறார்கள்.

நம் நாட்டில் முயற்சி நடக்காமல் இல்லை. 1954இல் அமைந்த தேசியக் கட்டட அமைப்பு உள்ளாட்சிகளிடமிருந்து கட்டட விவரங்களைச் சேகரிக்கும் பொறுப்பை ஏற்றது. பேராசிரியர் அமிதாப் குண்டு தலைமையில் ரிசர்வ் வங்கி அமைத்த நிபுணர் குழு, அனுமதி எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டு வீட்டுக் கட்டுமானத் தொடக்கக் குறியீடு ஒன்றை உருவாக்கலாம் என்று 2009இல் அறிக்கை தந்தது. அனுமதி வாங்கிய எல்லோரும் உடனே கட்டுவதில்லை. ஆகவே எத்தனை பேர் உண்மையில் தொடங்குகிறார்கள் என்பதைக் கள ஆய்வில் கண்டறிந்து அந்த விகிதத்தால் திருத்த வேண்டும் என்றும் அது சொன்னது. நல்ல யோசனை. ஆனால் நாடு முழுவதற்குமான மாதாந்திர எண்ணாக அது நிலைபெறவில்லை. உள்ளாட்சிகளிலிருந்து கணக்கு ஒழுங்காக வந்து சேர வேண்டும் என்பதுதான் அதன் உயிர்நாடி. அந்த நாடி பலவீனமாகவே இருந்தது.

ஒரு காலத்தில் உலக வங்கியின் தரவரிசை நமக்குப் பெரிய செய்தியாக இருந்தது. கட்டுமான அனுமதி பெறும் எளிமையில் 2018 அறிக்கையில் 181ஆம் இடத்தில் இருந்த இந்தியா, அடுத்த ஆண்டு 52க்கும் அதற்கடுத்த ஆண்டு 27க்கும் ஏறியது. அந்த அளவீடு மும்பை, டெல்லி ஆகிய இரண்டு நகரங்களை மட்டும் வைத்துச் செய்யப்பட்டது. பெரம்பூரில் அரை கிரவுண்டு மனை வைத்திருப்பவர் வரைபட அனுமதிக்கு எத்தனை நாள் காத்திருந்தார் என்பது அதில் இடம்பெறவே இல்லை. தரவுகளில் முறைகேடு இருந்தது தெரியவந்ததால் 2021 செப்டம்பரில் உலக வங்கி அந்த அறிக்கையையே நிறுத்திவிட்டது.

சென்னையின் அனுமதிச் சட்டம்

1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம்தான் இன்றைய முறையின் அடித்தளம். அதன்கீழ் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) 1974இல் சட்டப்பூர்வ அமைப்பாகியது. முதல் பெருந்திட்டம் 1976இலும் இரண்டாம் பெருந்திட்டம் 2008 செப்டம்பரிலும் நடைமுறைக்கு வந்தன. பெரிய கட்டடங்களுக்கு சி.எம்.டி.ஏ.விடமும், சிறியவற்றுக்கு மாநகராட்சியிடமும் போக வேண்டும் என்பது பொதுவான ஏற்பாடு.

2019 பிப்ரவரியில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் தெருக்களின் முகத்தையே மாற்றின. மனையின் பரப்பைப்போல எத்தனை மடங்கு கட்டலாம் என்று சொல்லும் எஃப்.எஸ்.ஐ., சாதாரணக் கட்டடங்களுக்கு 1.5இலிருந்து 2 ஆனது. ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. அதில் முன்பு 3,600 சதுர அடி கட்டியவர் இனி 4,800 கட்டலாம். கூடும் 1,200 சதுர அடி ஏறத்தாழ இரண்டு சிறிய வீடுகளுக்குச் சமம். மனை வைத்திருப்பவரும் பில்டரும் கூட்டுச் சேர்ந்து பழைய வீட்டை இடித்துக் கட்டுவது கட்டுப்படியாகுமா என்பதை முடிவுசெய்வது பெரும்பாலும் இந்த 1,200 சதுர அடிதான். உயர்மாடிக் கட்டடங்களுக்கு எஃப்.எஸ்.ஐ. 3.25 வரை போகலாம். ஆனால் அதை முழுதாகப் பெற மனைக்கு முன் 18 மீட்டர் அகலச் சாலை வேண்டும்.

அடுத்த பெரிய மாற்றம் 2024 ஜூலை 22 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்த சுயசான்றுத் திட்டம். 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு மாடியோ கட்டுபவர், ஆவணங்களை இணையத்தில் ஏற்றிக் கட்டணம் கட்டினால் உடனே அனுமதி கிடைக்கும். மேசை மேசையாகக் கோப்பு நகர்வதற்குக் காத்திருந்த நடுத்தரக் குடும்பங்களுக்கு இது பெரிய ஆறுதல். ஒரு கிரவுண்டும் அதற்குக் குறைந்த மனையும் இந்த வரம்புக்குள் அடங்கும் என்பதால் வடசென்னையின் தனி வீடுகளில் கணிசமானவை இந்த வழியில் வரக்கூடும். அனுமதி எளிதாகும்போது கணக்கும் எளிதாகிறது. எல்லாம் ஏற்கெனவே கணினியில் இருக்கிறது, வெளியிடும் மனம்தான் வேண்டும்.

ஆலை நிலமும் அரை கிரவுண்டும்

பெரம்பூரில் இரண்டு விதமான கட்டுமானம் அருகருகே நடக்கிறது. ஒன்று, பழைய ஆலை நிலத்தில் எழும் கோபுரங்கள். பக்கிங்காம் அண்ட் கர்னாடிக் மில், மக்கள் வாயில் பின்னி மில், இந்தப் பகுதியின் முதல் பெரிய முதலாளி. 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு ஆகியோர் இந்த ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டி சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கமாக அது கருதப்படுகிறது. ஆலை 1996இல் மூடப்பட்டது. நூல் நூற்ற நிலத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்புகளும் வணிக வளாகமும் வருகின்றன. அகலச் சாலையும் பல ஏக்கர் ஒற்றை மனையும் இருப்பதால் விதிகள் தரும் முழு உயரமும் இந்த நிலத்துக்குக் கிடைக்கிறது.

மற்றொன்று, செம்பியம், அகரம், ஜவஹர் நகர், ஜமாலியா, பேப்பர் மில்ஸ் சாலையை ஒட்டிய தெருக்களில் நடக்கும் சின்னக் கட்டுமானம். ரயில்வேயிலும் ஐ.சி.எஃப்.பிலும் வேலை பார்த்தவர்கள் ஓய்வுபெற்ற பணத்தில் கட்டிய ஒற்றை மாடி வீடுகள் இங்கே ஏராளம். 1955 அக்டோபர் 2 அன்று நேரு திறந்துவைத்த, ஐ.சி.எஃப். எனப்படும் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையும், அதற்கும் நெடுங்காலம் முந்தைய பெரம்பூர் ரயில்வே பணிமனைகளும் இந்த வீடுகளுக்கு அடித்தளம் போட்ட சம்பளத்தைத் தந்தவை. இப்போது அந்த வீடுகள் ஒவ்வொன்றாக இடிபடுகின்றன.

இப்படி ஒரு வீடு இடிந்து எழுவதைக் கிட்டத்தில் பார்த்தால் கணக்கின் ஓட்டைகள் தெரியும். முதலில் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, டவுன் சர்வே வரைபடம் சேர்த்துப் பதிவுபெற்ற பொறியாளர் பிளான் போடுவார். பிளானில் கீழே கார் நிறுத்தம், மேலே மூன்று மாடி, இரண்டு பக்கமும் இடைவெளி, மழைநீர்த் தொட்டி எல்லாம் ஒழுங்காக இருக்கும். அனுமதி வந்ததும் மேஸ்திரி வேலையை எடுப்பார். சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, காங்கிரீட் போடும் ஒவ்வொரு கட்டத்திலும் பிளானுக்கும் கட்டடத்துக்கும் இடையே சின்னச் சின்னத் தூரம் விழ வாய்ப்புண்டு. பக்கத்து இடைவெளியில் படிக்கட்டு இறங்கும். கார் நிறுத்தத்துக்குச் சுவர் எழும்பிக் கடையாகும். மொட்டை மாடியில் தகரக் கூரை போட்டு ஒற்றை அறை வாடகைக்கு வரும். அனுமதிக் கோப்பு மூன்று மாடியோடு நின்றுவிடும். சிமெண்ட் கணக்கோ அந்தக் கடையையும் அறையையும் சேர்த்தே எண்ணிக்கொள்ளும். அனுமதி வாங்கியும் பணம் புரளாமல் கட்டாமல் விட்ட மனை இதற்கு நேர்மாறு. அது அனுமதிக் கணக்கில் இருக்கும், சிமெண்ட் கணக்கில் இருக்காது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தெருவில் என்ன நடக்கிறது என்று புரியும்.

அனுமதிக் கோப்புக்கு வெளியே

வடசென்னையில் ஊற்றப்படும் காங்கிரீட்டில் கணிசமான பகுதி வழக்கமான அனுமதிப் பாதையில் வருவதே இல்லை. பெரம்பூரில் ரயில்வே நிலம் நிறைய. ரயில்வே தன் பணிகளுக்கான கட்டடங்களை எழுப்ப 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டமே தனி அதிகாரம் தருகிறது. துறைமுகங்களும் மின்வாரியமும் தங்கள் வளாகங்களில் தங்கள் வழியில் கட்டுகின்றன. 2024 மார்ச்சில் திறக்கப்பட்ட 800 மெகாவாட் வடசென்னை அனல்மின் நிலையம் மூன்றாம் நிலை எத்தனை ஆயிரம் டன் கம்பியை விழுங்கியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். மாதவரத்திலிருந்து செம்பியம், பெரம்பூர், அயனாவரம் வழியாகப் பூமிக்கடியில் போகும் மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி இன்னொன்று. 63,246 கோடி ரூபாய் மதிப்புள்ள அந்தத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 அக்டோபரில் ஒப்புதல் தந்தது. 2024 மார்ச் 14 அன்று 4,181 கோடி ரூபாயில் தொடங்கிய வடசென்னை வளர்ச்சித் திட்டத்தின் 219 பணிகளும் உண்டு. ஆகவே இந்தப் பகுதியில் அரசின் கட்டுமானத்தையும் குடும்பங்களின் கட்டுமானத்தையும் தனித்தனியாகக் காட்டாத எந்த எண்ணும் தவறான முடிவுக்கே கொண்டுபோகும். மெட்ரோ வேலை மும்முரமாக நடக்கும் ஆண்டில் வீடு கட்டுவது படுத்துப்போயிருந்தாலும் மொத்தக் கணக்கு வளர்ச்சி என்றே சொல்லும்.

கோப்புக்கு வெளியே இருக்கும் இன்னொரு பெரும்பகுதி விதிமீறல். நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 1998இல் 113-ஏ பிரிவைச் சேர்த்து, கட்டணம் வாங்கிக்கொண்டு விதிமீறல்களை வரைமுறைப்படுத்தும் திட்டம் வந்தது. ஒருமுறை மட்டும் என்று சொல்லி வந்த சலுகை அடுத்தடுத்து நீட்டிக்கப்பட்டது. 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகளை ரத்து செய்தது. பிறகு 2007 ஜூலை 1க்கு முன் கட்டியவற்றுக்கென 113-சி பிரிவு வந்தது. அதற்கான விதிகள் 2017இல் வெளியாயின. ஒவ்வொரு சலுகையும் விதிப்படி கட்டியவருக்கு ஒரு செய்தியைச் சொன்னது: நீ இழந்த இடத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் பணம் கட்டி எடுத்துக்கொள்ளலாம். அந்தச் செய்தி பரவும் ஊரில் அனுமதி எண்ணிக்கையின் மீது யாருக்கும் நம்பிக்கை இருக்காது.

அனுமதி இருந்தும் விழுந்தவை

அனுமதி இருந்தால் மட்டும் கட்டடம் நின்றுவிடாது என்பதற்கு 2014 ஜூன் 28 சாட்சி. அன்று மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் அங்கே வேலை பார்த்த தொழிலாளர்கள். அந்தக் கட்டடத்துக்கு அனுமதி இருந்தது. காகிதத்தில் போட்ட முத்திரைக்கும் மண்ணில் நிற்கும் தூணுக்கும் இடையே ஆள் போய்ப் பார்க்கவில்லை என்றால் இதுதான் கதி.

வடசென்னையிலேயே உதாரணம் உண்டு. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பின் 24 வீடுகள் கொண்ட ஒரு பிளாக் இடிந்து விழுந்தது. சுவரில் விரிசல் பெரிதாவதைப் பார்த்த குடியிருப்பாளர்கள் பிள்ளைகளையும் முதியவர்களையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டதால் உயிர் தப்பினார்கள். அவர்களைக் காப்பாற்றியது அவர்களுடைய கண். எந்த அலுவலகத்தின் ஆய்வுக் குறிப்பும் முன்கூட்டி எச்சரிக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில், பெரம்பூருக்கு அடுத்த புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் புதிதாகக் கட்டிய வாரியக் குடியிருப்பில் கை வைத்தால் பூச்சு உதிர்ந்தது. சென்னை ஐ.ஐ.டி. நிபுணர்களை அழைத்துத் தரத்தைச் சோதிக்க வேண்டி வந்தது. ஏழைகளுக்கு அரசே கட்டித் தரும் கட்டடம் என்றால் தரக் கணக்கு இன்னும் கடுமையாக இருக்க வேண்டும். அங்கே வீட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை குடியிருப்பவருக்குக் கிடையாது.

யாருக்கான வளர்ச்சி

பேராசிரியர் அமிதாப் குண்டு தலைமையிலான இன்னொரு குழு 2012இல் நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையை 1.878 கோடி வீடுகள் என்று மதிப்பிட்டது. அதில் ஏறத்தாழ 1.5 கோடி, இடநெருக்கடியில் வாழும் குடும்பங்கள். அதாவது வீடு இல்லை என்பதைவிட ஒரே அறைக்குள் இரண்டு தலைமுறை படுத்துறங்குவதுதான் நம் வீட்டுப் பஞ்சத்தின் உண்மை உருவம். பற்றாக்குறையில் 95 சதவீதத்துக்கும் மேல் ஏழை, குறைந்த வருவாய்க் குடும்பங்களுடையது. அதே காலத்தில், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நகரங்களில் 1.1 கோடி வீடுகள் பூட்டிக் கிடந்தன. கட்டுமானம் வேகமாக வளர்வதும் வீட்டுப் பஞ்சம் நீடிப்பதும் ஒரே ஊரில் நடக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். வியாசர்பாடியிலும் ராயபுரத்திலும் மாத வாடகை ஏறுவதை எந்தக் கட்டுமான வளர்ச்சி விகிதமும் தடுத்ததில்லை.

அனுமதிக் கணக்கைத் தொழிலாளர்களும் நம்பியிருக்கிறார்கள். மத்தியச் சட்டப்படி கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நல நிதிக்குப் போக வேண்டும். உள்ளாட்சி அனுமதி தரும்போதே அதை வசூலிக்கிறது. சித்தாளின் பிள்ளைக்குக் கல்வி உதவியும், சாரத்திலிருந்து விழுந்த கொத்தனாரின் குடும்பத்துக்கு இழப்பீடும் இந்த நிதியிலிருந்துதான். அனுமதி வாங்காமல் எழுந்த ஒவ்வொரு மாடியும் அந்தப் பணத்தையும் விழுங்கியிருக்கிறது. விதிமீறலைத் திட்டக்காரர்களின் கவலை என்று ஒதுக்கிவிட முடியாததற்கு இது ஒரு காரணம்.

செய்ய வேண்டியவை

முதலாவது, சென்னை மாநகராட்சியும் சி.எம்.டி.ஏ.வும் 15 மண்டலங்களின் 200 வார்டுகளுக்கும் மாதாந்திர அனுமதிப் பட்டியலை வெளியிட வேண்டும். எத்தனை வீடுகள், எவ்வளவு பரப்பு, எந்த உயரம், இடித்துக் கட்டுவதா புதிதா, சுயசான்றா வழக்கமான அனுமதியா என்ற விவரம் போதும். உரிமையாளர் பெயர் தேவையில்லை.

இரண்டாவது, அனுமதியைத் தனியாக வைக்காமல் மற்றக் கணக்குகளோடு பொருத்த வேண்டும். கட்டுமானத்துக்கு வாங்கும் தற்காலிக மின் இணைப்பு, வேலை தொடங்கியதைக் காட்டும். புதிய சொத்துவரி மதிப்பீடு, வேலை முடிந்ததைக் காட்டும். கொடுங்கையூரில் உள்ள கட்டட இடிபாட்டு மறுசுழற்சி ஆலைக்கு வரும் லோடுகள், எவ்வளவு இடிபட்டது என்பதைக் காட்டும். மூன்றும் அரசிடமே இருக்கும் தகவல்கள். பிளானைவிட அதிக மாடியோடு வரிக்கு வரும் வீடு இந்தப் பொருத்தலில் தானாகவே சிக்கும்.

மூன்றாவது, சுயசான்றில் கிடைக்கும் உடனடி அனுமதிக்கு ஈடாகக் கள ஆய்வு வலுப்பட வேண்டும். எல்லா வீட்டையும் பார்க்க ஆள் இல்லை என்றால் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து அடித்தளம், கடைசி மாடி ஆகிய இரண்டு கட்டங்களில் பார்க்கட்டும். பார்த்ததன் முடிவுகளும் அதே பட்டியலில் வரட்டும்.

நான்காவது, ரயில்வே, துறைமுகம், மின்வாரியம், வாழ்விட வாரியம் ஆகியவை அனுமதி கேட்கத் தேவையில்லாத இடங்களிலும் தாங்கள் எழுப்பும் பரப்பை மாநகராட்சிக்குத் தெரிவிக்கட்டும். வார்டின் சாக்கடையும் குடிநீரும் அந்தக் கட்டடங்களையும் சேர்த்தே சுமக்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் ஓட்டேரி நல்லா நிரம்பி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை இந்தப் பகுதி மறக்கவில்லை.

தேசியக் கட்டுமானக் குறியீட்டை டெல்லியில் உட்கார்ந்து உருவாக்கப் பார்த்தது கைகூடவில்லை. கீழிருந்து வருவதுதான் சரியான வழி. பெரம்பூரை உள்ளடக்கிய திரு.வி.க. நகர் மண்டலத்தில் இந்த மாதம் இத்தனை அனுமதி, இத்தனை தொடக்கம், இத்தனை நிறைவு, இத்தனை விதிமீறல் என்று ஒரு பக்கம் ஒழுங்காக வெளிவரத் தொடங்கினால், வாடகைக்கு வீடு தேடும் குடும்பமும் வார்டு உறுப்பினரும் வீட்டுக்கடன் தரும் வங்கியும் மழைநீர் வடிகால் பொறியாளரும் அதைப் பயன்படுத்துவார்கள். ஒரு மண்டலத்தில் செய்யக்கூடியதை 15 மண்டலங்களிலும், சென்னையில் செய்யக்கூடியதை மதுரையிலும் கோவையிலும் செய்யலாம். தமிழ்நாட்டிடம் சட்டமும் இணையத்தளமும் இருக்கின்றன, பொறியாளர்களும் இருக்கிறார்கள். இந்தக் கணக்கை நாட்டுக்கு முன்மாதிரியாகத் தொடங்கும் பொறுப்பைச் சென்னை மாநகராட்சி ஏற்க வேண்டும்.